கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? எந்த இடத்தில் நிற்கிறது என்று பிடிப்பது எப்படி

"கம்ப்யூட்டர் ஆன் ஆகலை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: உள்ளே ஃபேன் சுற்றுகிறதா? பெரும்பாலும் பதில் வராது. போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்வார்கள். ஆனால் பாதி வேலை அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும். ஏனென்றால் "ஆன் ஆகலை" என்ற ஒரே புகாருக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. சுவிட்சை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை என்பது ஒன்று. ஒரு நொடி உயிர் வந்து அணைந்துவிடுவது இன்னொன்று. ஃபேன் எல்லாம் சுற்றியும் திரை இருட்டாக இருப்பது மூன்றாவது. திரையில் ஏதோ எழுத்து வந்து அங்கேயே நின்றுவிடுவது நான்காவது.

எது என்று தெரியாமல் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. சில வருடங்களுக்கு முன் என் மெஷின் ஒரு காலையில் செத்துக் கிடந்தது. சுவர் மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று நானே தீர்ப்பு எழுதி, புதிதாக ஒன்றை வாங்கி, அரை நாள் உட்கார்ந்து கேபிள்களை எல்லாம் மாற்றினேன். அப்புறமும் மெஷின் செத்தே கிடந்தது. கடைசியில் பார்த்தால், கேபினட்டின் முன்பக்க பவர் பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டு வெளியே வராமல் இருந்தது. அந்தப் பழைய எஸ்எம்பிஎஸ் இன்றைக்கும் வேறொரு மெஷினில் ஓடிக்கொண்டிருக்கிறது. அன்றிலிருந்து, நிற்கிற இடம் தெரியாமல் எந்தப் பொருளையும் வாங்குவதில்லை.

மெஷின் எந்த வரிசையில் எழுகிறது?

இதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. சுவரில் பிளக்கைச் செருகியதுமே எஸ்எம்பிஎஸ் முழுதாக விழிப்பதில்லை. ஊதா நிற ஒயர் வழியாக 5 வோல்ட் மட்டும், எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகையான மதர்போர்டுக்கு வந்துகொண்டிருக்கும். இதுதான் ஸ்டாண்ட்பை மின்சாரம். நாம் அழுத்தும் பவர் பட்டன் வீட்டு விளக்கு சுவிட்ச் போல மின்சாரத்தைத் திறந்துவிடுவதில்லை. மதர்போர்டில் உள்ள இரண்டு பின்களை ஒரு கணம் தொட வைக்கிறது, அவ்வளவுதான். அதைக் கண்டு மதர்போர்டு எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பச்சை ஒயர் வழியாகச் சொல்லி அனுப்புகிறது. அப்போதுதான் 12, 5, 3.3 வோல்ட்டுகள் வருகின்றன. அவை நிலைப்பட்டதும் சாம்பல் நிற ஒயரில் "எல்லாம் சரி" என்ற சிக்னல் போகிறது. அது வந்த பிறகே மெஷினின் மூளையான ப்ராசசர் வேலையைத் தொடங்கும்.

பிறகு ப்ராசசர், மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸைப் படிக்கும், தற்காலிக நினைவகமான ராமைச் சோதிக்கும், கிராஃபிக்ஸை எழுப்பித் திரைக்குப் படம் அனுப்பும், டிஸ்க்கைத் தேடும், அதிலிருந்து விண்டோஸையோ லினக்ஸையோ ஏற்றும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் அடுத்தது நடக்காது. திரையில் நிறுவனத்தின் லோகோ வந்துவிட்டது என்றால் எஸ்எம்பிஎஸ், ப்ராசசர், ராம், கிராஃபிக்ஸ் எல்லாம் குறைந்தபட்சம் மூச்சு விடுகின்றன என்று அர்த்தம். அங்கே எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகிப்பது வீண் வேலை.

கை வைப்பதற்கு முன்

கடைசியாக நன்றாக ஓடிய நாளுக்கும் இன்றைக்கும் இடையில் என்ன நடந்தது என்று யோசியுங்கள். மெஷினை இடம் மாற்றினீர்களா? தூசி தட்டினீர்களா? புது ராம் போட்டீர்களா? மின்சாரம் போய்ப் போய் வந்ததா? விண்டோஸ் அப்டேட் பாதியில் நின்றதா? பாதி நேரம் பதில் இங்கேயே இருக்கும். தூசி தட்டிய மறுநாள் ஆன் ஆகாத மெஷினில் எதுவும் எரிந்திருக்க வாய்ப்பு குறைவு. ஏதோ ஒரு கேபிளோ ராமோ தளர்ந்திருக்கும்.

கேபினட்டைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பிடுங்கிய பிறகு பவர் பட்டனை ஒரு 10 நொடி அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். உள்ளே எதையும் தொடும் முன் கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொடுங்கள், உடம்பில் உள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும். ஒரு கேபிளைக் கழற்றும் முன் மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பச் செருகும்போது அந்தப் படத்துக்கு நன்றி சொல்வீர்கள்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். 230 வோல்ட் மின்சாரம் உள்ளே நேர்மின்சாரமாக மாறும்போது சுமார் 325 வோல்ட் வரை போகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதை அங்குள்ள கெப்பாசிட்டர் சிறிது நேரம் பிடித்து வைத்திருக்கும். அதே போல, எரிந்த வாடையோ புகையோ வந்தால் "இன்னொரு தடவை பார்க்கலாம்" என்ற ஆசை வேண்டாம். மறுபடி அழுத்துவதில் நன்றாக இருக்கும் பாகமும் போய்விடலாம்.

நிலை 1: ஒரு சத்தமும் இல்லை

சுவரிலிருந்து உள்நோக்கி வாருங்கள். அதே சாக்கெட்டில் வேறொரு பொருளைச் செருகிப் பாருங்கள். யுபிஎஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுவும் இல்லாமல் நேராகச் சுவரில் செருகுங்கள். யுபிஎஸ்ஸில் விளக்கு எரிகிறதே என்று ஏமாற வேண்டாம். பேட்டரி நொந்த யுபிஎஸ் விளக்கைக் காட்டிக்கொண்டே இருக்கும், கம்ப்யூட்டரின் சுமை ஏறியதும் கையை விரித்துவிடும்.

அடுத்து பவர் கேபிள். புதிதாக வாங்க வேண்டாம். உங்கள் மானிட்டரின் பவர் கேபிளும் பெரும்பாலும் இதே வகைதான். அதைக் கழற்றி இங்கே செருகிப் பாருங்கள். மானிட்டர் எரிந்துகொண்டிருந்தது என்றால் அந்தக் கேபிள் நல்லது என்று ஏற்கெனவே தெரியும் அல்லவா?

கேபினட்டின் பின்னால், எஸ்எம்பிஎஸ் பக்கத்தில், ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். கோடு போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் ஆன், வட்டம் போட்ட பக்கம் என்றால் ஆஃப். சுவரோரம் மெஷினைத் தள்ளும்போது இது தட்டுப்பட்டு அணைவது சகஜம். பழைய எஸ்எம்பிஎஸ்களில் இதற்குப் பக்கத்தில் சிவப்பாக 115 / 230 என்று இன்னொரு சுவிட்ச் இருக்கும். 230 வோல்ட் சாக்கெட்டில் இருக்கும் மெஷினில் அதை 115க்குத் தள்ளினால் எஸ்எம்பிஎஸ் அங்கேயே வெடித்துப் போகலாம். அதைக் கண்ணால் மட்டும் பாருங்கள்.

இதுவரை ஒன்றும் பலிக்கவில்லை என்றால், பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, சில நிமிடம் விட்டு மறுபடி செருகுங்கள். மந்திரம் மாதிரி தெரியும், ஆனால் காரணம் இருக்கிறது. மின்சாரம் தாறுமாறாக ஏறி இறங்கும்போது எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று தன்னைத்தானே பூட்டிக்கொள்வது உண்டு. மின்சாரம் முழுதாக வடிந்தால்தான் பூட்டு திறக்கும். பல மெஷின்கள் இந்த ஒரு படியிலேயே எழுந்துவிடும்.

இப்போது கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பிளக்கைச் செருகி, எதையும் தொடாமல் உள்ளே பாருங்கள். நிறைய மதர்போர்டுகளில் ஒரு சிறிய எல்இடி எரியும். எரிந்தால் ஸ்டாண்ட்பை மின்சாரம் வருகிறது. சாக்கெட், கேபிள், எஸ்எம்பிஎஸ்ஸில் பாதி ஆகியவை சந்தேகப் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். எல்லா போர்டிலும் இந்த எல்இடி கிடையாது என்பதால், எரியவில்லை என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள்.

எல்இடி எரிகிறது, பட்டனுக்கு மட்டும் பதில் இல்லை என்றால் பட்டனைச் சந்தேகியுங்கள். முன்பக்கப் பட்டனிலிருந்து வரும் மெல்லிய இரட்டை ஒயர் மதர்போர்டின் ஓரத்தில் இரண்டு பின்களில் செருகியிருக்கும். எந்த இரண்டு என்பது மதர்போர்டு கையேட்டில் படமாகவே இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு பின்களை மட்டும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு நொடி தொடுங்கள். மெஷின் எழுந்தால் கோளாறு பட்டனில். புதுக் கேபினட் வாங்க ஓட வேண்டாம். ரீசெட் பட்டனின் ஒயரை எடுத்து பவர் பின்களில் செருகிவிடுங்கள். இனி ரீசெட் பட்டன்தான் உங்கள் பவர் பட்டன். நான் அப்படித்தான் இரண்டு வருடம் ஓட்டினேன்.

அதற்கும் அசையவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதிக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதிலிருந்து மதர்போர்டு, டிஸ்க், கார்டு எல்லாவற்றுக்கும் போகும் கேபிள்களைக் கழற்றுங்கள். பெரிய 24 பின் கனெக்டரில் பச்சை ஒயர் ஒன்றுதான் இருக்கும். அந்தத் துளையையும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயரின் துளையையும் வளைத்த பேப்பர் கிளிப்பால் இணைத்து, பிறகு மின்சாரம் கொடுங்கள். ஃபேன் சுற்றினால் எஸ்எம்பிஎஸ் எழுகிறது. ஒயர் எல்லாம் கறுப்பாகவே இருக்கும் மாடல் என்றால் இதை ஊகத்தில் செய்யாதீர்கள். கையேட்டில் 16ஆம் பின் எது என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

மல்டிமீட்டர் கையில் இருந்தால் இன்னும் நல்லது. கறுப்பு ஒயரோடு சேர்த்து அளந்தால் மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை இருக்க வேண்டும். சில புதிய எஸ்எம்பிஎஸ்கள் சுமை இல்லாதபோது ஃபேனைச் சுற்றவே சுற்றாது, அங்கே மீட்டர்தான் உண்மை சொல்லும்.

ஃபேன் சுற்றவில்லை, வோல்ட்டும் இல்லை என்றால் எஸ்எம்பிஎஸ் போனது உறுதி. ஆனால் ஃபேன் சுற்றுவதால் மட்டும் அது நல்லது என்று ஆகிவிடாது. சுமை இல்லாமல் ஒழுங்காக இருந்துவிட்டு, சுமை ஏறியதும் சரிகிறவை உண்டு. முழு நிச்சயம் வேண்டுமானால் ஓடுகிற வேறொரு மெஷினின் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பார்ப்பதுதான் வழி. அப்படி மாற்றும்போது, கேபிள்களைக் கழற்றி மாட்டும் மாடுலர் வகை என்றால், ஒன்றின் கேபிளை இன்னொன்றில் செருகாதீர்கள். கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் உள்ளே ஒயர் வரிசை வேறாக இருக்கும். இதில் டிஸ்க்கைப் பறிகொடுத்தவர்கள் நிறைய.

நிலை 2: ஒரு நொடி உயிர், பிறகு மரணம்

ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்றுவிடுகிறது, அல்லது ஆன் ஆகி அணைந்து ஆன் ஆகி அணைந்து கொண்டே இருக்கிறது. எங்கேயோ ஷார்ட் ஆகிறது என்று எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்கிறது என்பதே இதன் வழக்கமான பொருள்.

முதலில் ப்ராசசருக்கு அருகில் செருகும் 4 அல்லது 8 பின் கேபிளைப் பாருங்கள். 24 பின்னைச் செருகிவிட்டு இதை மறந்துவிடுகிறவர்கள் ஏராளம். பிறகு முன்பக்க யுஎஸ்பி துளைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் மெல்லிய தகடு வளைந்து உலோக உறையைத் தொட்டுக்கொண்டிருந்தால் மொத்த மெஷினும் அணைந்துவிடும். யாரும் எளிதில் சந்தேகிக்காத இடம் இது. புதிதாகப் பொருத்திய மெஷின் என்றால், மதர்போர்டுக்குக் கீழே தேவையில்லாத இடத்தில் திருகுத்தாங்கி ஒன்று நிற்கிறதா, கழன்ற திருகு எதுவும் கிடக்கிறதா என்று பாருங்கள்.

கண்ணுக்கு எதுவும் தட்டுப்படவில்லை என்றால் மெஷினை எலும்புக்கூடாக்குங்கள். மதர்போர்டு, ப்ராசசர், அதன் கூலர், ஒரே ஒரு ராம், எஸ்எம்பிஎஸ். வேறு எதுவும் வேண்டாம். டிஸ்க், கார்டு, முன்பக்க யுஎஸ்பி ஒயர் எல்லாம் வெளியே. இந்த நிலையில் அணையாமல் நின்றால், கழற்றியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒவ்வொரு முறையும் ஆன் செய்து பாருங்கள். எதைச் சேர்த்ததும் சாகிறதோ அதுதான் ஆள். அவசரப்பட்டு இரண்டை ஒன்றாகச் சேர்த்தால் செய்த வேலை அத்தனையும் பாழ்.

சில நொடிகள் ஓடி, பிறகு அணைந்தால் கதை கொஞ்சம் வேறு. ப்ராசசரின் கூலர் சரியாக உட்காராமல் சூடு ஏறி அணையலாம். கூலரின் நான்கு மூலைகளும் இறுகியிருக்கின்றனவா, அதன் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். டிடிஆர்5 என்ற புது வகை ராம் உள்ள மெஷின்கள் முதல் முறையோ, ராமை மாற்றிய பிறகோ, பயாஸை ரீசெட் செய்த பிறகோ, ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். திரை இருட்டாகவே இருக்கும், ஓரிரு முறை தானாக ரீஸ்டார்ட்டும் ஆகலாம். செத்துவிட்டது என்று நினைத்துப் பாதியில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. எழுந்து போய் ஒரு வேலையை முடித்துவிட்டு வாருங்கள்.

நிலை 3: ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டு

அதிகம் பேர் வந்து மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், அதிகம் பணம் வீணாவதும் இங்கேதான்.

முதலில் கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். அதன் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தால் மெஷின் உள்ளே உயிரோடுதான் இருக்கிறது, படம்தான் வெளியே வரவில்லை. அப்போது மானிட்டர், கேபிள், கிராஃபிக்ஸ் பக்கம் பாருங்கள். விளக்கு அசையவே இல்லை என்றால் பெரும்பாலும் தொடக்கச் சோதனையிலேயே மெஷின் நின்றுவிட்டது. ராம் பக்கம் போகலாம்.

மானிட்டரை அணைத்து ஆன் செய்யுங்கள். சிக்னல் இல்லை என்று அதுவே எழுதிக் காட்டினால் மானிட்டர் நலம். அதன் மெனுவில் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் இவற்றில் நீங்கள் செருகியிருப்பது எதுவோ அதுதான் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும் மெஷினில் கேபிள் அந்தக் கார்டில்தான் போக வேண்டும், மதர்போர்டின் துளையில் அல்ல. மெஷினை இடம் மாற்றிய பிறகு வரும் இருட்டுத் திரைகளில் இது அடிக்கடி நடக்கும் கூத்து.

தனிக் கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டு வழியாகப் பார்க்கலாம் என்று நினைத்தால், உங்கள் ப்ராசசருக்குள் கிராஃபிக்ஸ் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். இன்டெல்லில் பெயர் 'எஃப்' என்ற எழுத்தில் முடிந்தால் கிடையாது. ஏஎம்டி ரைசனில் 7000 வரிசைக்கு முந்தைய டெஸ்க்டாப் ப்ராசசர்களில் பெயரில் 'ஜி' இருந்தால்தான் உண்டு. இல்லாத ஒன்றிலிருந்து படம் வரவில்லை என்று மதர்போர்டைத் திட்டக் கூடாது.

சரி, ராம். இருட்டுத் திரைக்கு நான் முதலில் கை வைக்கும் பாகம் இது. பிளக்கைப் பிடுங்கி, ராமின் ஓரத்துக் கொக்கிகளைத் திறந்து, எல்லா ராம்களையும் வெளியே எடுங்கள். தங்க நிறப் பற்களைக் கவனித்தால் மங்கலாகவோ கறையாகவோ இருக்கும். சுத்தமான பென்சில் ரப்பரால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேயுங்கள். துகள்களைத் துடைத்துவிடுங்கள், துகளோடு செருகினால் புதுக் கோளாறு வரும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணி இருந்தால் அதுவே மேல், முழுதாக உலர்ந்த பிறகு செருகுங்கள். துளையில் இருக்கும் தூசியைப் பிரஷ்ஷால் தட்டுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறிக்கும்.

பிறகு ஒரே ஒரு ராமை மட்டும் செருகுங்கள். நான்கு துளைகள் உள்ள போர்டுகளில் பெரும்பாலும் ப்ராசசரிலிருந்து இரண்டாவது துளைதான் முதலில் நிரப்ப வேண்டியது. கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு முனையிலும் 'க்ளிக்' சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். பயந்து பயந்து அழுத்தினால் பார்வைக்கு உட்கார்ந்தது போல இருக்கும், உள்ளே தொட்டிருக்காது. படம் வந்தால் அடுத்த ராமைச் சேருங்கள். வரவில்லை என்றால் அந்த ராமை வேறு துளையில், பிறகு வேறு ராமை முதல் துளையில் என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். எந்த ராமைப் போட்டாலும் ஒரே துளையில் மட்டும் சிக்கல் என்றால் போர்டின் துளை. எந்தத் துளையில் போட்டாலும் ஒரே ராம் சிக்கல் என்றால் அந்த ராம். என் அனுபவத்தில் இதில் பாதிக்கு மேல் எதுவும் கெட்டிருக்காது. கழற்றிச் சுத்தம் செய்து செருகியதிலேயே சரியாகிவிடும்.

இதோடு சேர்த்து மெஷின் சொல்வதையும் கேளுங்கள். மதர்போர்டில் சிறிய ஸ்பீக்கர் செருகியிருந்தால் தொடக்கச் சோதனையில் எங்கே நின்றது என்று பீப் சத்தத்தால் சொல்லும். நிறுத்தாமல் கத்தினால் பெரும்பாலும் ராம். ஒரு நீளம், இரண்டு குட்டை என்பது பல பயாஸ்களில் கிராஃபிக்ஸ் கோளாறு. ஆனால் பீப் மொழி ஒவ்வொரு பயாஸுக்கும் வேறு. உங்கள் மாடலின் கையேட்டைப் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள். புதிய போர்டுகளில் சத்தத்துக்குப் பதிலாக ப்ராசசர், ராம், கிராஃபிக்ஸ், பூட் (டிஸ்க்கிலிருந்து விண்டோஸை ஏற்றும் கட்டம்) என்று நான்கு குட்டி எல்இடிகள் ஓரத்தில் இருக்கும். தொடக்கத்தில் ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எதில் எரிந்தபடியே நிற்கிறதோ அங்கேதான் தடை. இந்த விளக்குகள் இருக்கும்போது ஊகமே தேவையில்லை.

கிராஃபிக்ஸ் கார்டின் பக்கம் வந்தால், அதற்கென்று தனி 6 அல்லது 8 பின் மின் கேபிள் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். துளை வழியாகக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். பெரிய கார்டுகளுக்கு அது போதாது. கார்டைக் கழற்றி, பற்களைச் சுத்தம் செய்து மறுபடி செருகுங்கள். கனமான கார்டுகள் தங்கள் எடையிலேயே தொங்கி, துளையிலிருந்து லேசாக விலகிவிடுவது உண்டு.

அடுத்து பயாஸை ரீசெட் செய்வது. ராமின் வேகத்தைக் கூட்டும் அமைப்பு எதையாவது மாற்றிய பிறகு இருட்டானது என்றால் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். பிளக்கைப் பிடுங்கி, மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி, ஐந்து நிமிடம் விட்டுத் திரும்பப் போடுங்கள். பல போர்டுகளில் அதற்கென்றே ஜம்பர் எனும் இணைப்புப் பின்களும் இருக்கும், எப்படி என்று கையேட்டில் பாருங்கள். கழற்றியபோதே பேட்டரியை மீட்டரில் அளந்துவிடுங்கள். 3 வோல்ட் இருக்க வேண்டியது, வெகுவாக இறங்கியிருந்தால் புதிது போட்டுவிடுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: டிஸ்க்கில் விண்டோஸின் பிட்லாக்கர் என்ற பாதுகாப்புப் பூட்டு போட்டிருந்தால், இதற்குப் பிறகு விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று மொபைலில் பார்த்துவிட்டுப் பேட்டரியில் கை வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இருட்டு என்றால் மிஞ்சுவது ப்ராசசரும் மதர்போர்டும். ஓடிக்கொண்டிருந்த ப்ராசசர் திடீரென்று கெடுவது அபூர்வம். புதிதாகப் போட்டது என்றால் பின் வளைந்திருக்கலாம், அல்லது அந்த ப்ராசசரை அறியாத பழைய பயாஸ் போர்டில் இருக்கலாம். போர்டைப் பொறுத்தவரை சிறிய உருளைகள் போன்ற கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டியது உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ போர்டு போய்விட்டது. 2000களின் தொடக்கத்தில் வந்த போர்டுகளில் மோசமான கெப்பாசிட்டர்களால் இது கொள்ளை நோய் போலப் பரவியது. இப்போது குறைவு.

நிலை 4: எழுத்து வருகிறது, விண்டோஸ் வரவில்லை

பூட் செய்ய டிஸ்க் இல்லை என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நிற்கிறதா? செருகியிருக்கும் பென் டிரைவ், மெமரி கார்டு, வெளி டிஸ்க் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஆன் செய்யுங்கள். சிரிக்க வேண்டாம், மெஷின் பென் டிரைவில் போய் விண்டோஸைத் தேடிக்கொண்டிருப்பது தினம் நடப்பது.

பிறகு ஆன் செய்ததும் டெலிட் அல்லது எஃப்2 கீயைத் தட்டிக்கொண்டே இருந்து பயாஸுக்குள் போங்கள். அங்கே உங்கள் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்பதுதான் இந்த நிலையின் திருப்புமுனை. தெரியவில்லை என்றால் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளின் இரண்டு முனையையும் கழற்றிச் செருகுங்கள், வேறு கேபிள், வேறு துளை போட்டுப் பாருங்கள். மதர்போர்டிலேயே படுத்துக் கிடக்கும் எம்.2 எஸ்எஸ்டி என்றால் திருகைக் கழற்றி எடுத்து மறுபடி பொருத்துங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று தட்டிக்கொண்டிருந்தால் அதற்கு மேல் மின்சாரம் கொடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் படங்களும் கோப்புகளும் முக்கியம் என்றால் அது டேட்டா மீட்பு தெரிந்தவரிடம் போக வேண்டியது, ஒவ்வொரு முயற்சியும் மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

டிஸ்க் தெரிகிறது என்றால் பூட் வரிசையில் அது முதலில் இருக்கிறதா என்று பாருங்கள். தேதியும் நேரமும் பல வருடம் பின்னால் போயிருந்தால் அந்த நாணயப் பேட்டரி தீர்ந்து, பயாஸ் தன் பழைய அமைப்புகளை மறந்துவிட்டது. அப்போது மெஷின் டிஸ்க்கோடு பேசும் முறை (பயாஸில் ஏஎச்சிஐ, ரெய்டு என்று இருக்கும்) மாறிப் போயிருக்கலாம். முன்பு எதில் இருந்ததோ அதற்கே மாற்றினால் விண்டோஸ் எழுந்துவிடும்.

விண்டோஸ் தொடங்கி நடுவில் நிற்கிறதா?

நீல நிறத் திரை வந்தால் அதில் உள்ள வார்த்தையை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் துப்பு. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால், அப்டேட் ஓடுகிறதோ என்று கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். டிஸ்க் விளக்கு துடித்துக்கொண்டிருக்கும்வரை அணைக்காமல் இருப்பது நல்லது.

விண்டோஸ் லோகோ வரும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால், அடுத்த முறை பழுதுபார்க்கும் மெனு தானே வரும். அதில் ஸ்டார்ட்அப் ரிப்பேரை முதலில் ஓட விடுங்கள். அது தோற்றால், அண்மையில் வந்த அப்டேட்டை நீக்குங்கள். அப்புறம் விண்டோஸின் அமைப்பைப் பழைய நாளுக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர். அதற்கும் மசியவில்லை என்றால், அவசியமானதை மட்டும் ஏற்றும் சேஃப் மோடில் நுழைந்து பாருங்கள். சேஃப் மோடில் ஒழுங்காக ஓடினால் பெரும்பாலும் பாகங்கள் நலம், கடைசியாகப் போட்ட டிரைவரோ (ஒரு பாகத்தை இயக்கும் மென்பொருள்) வேறு மென்பொருளோதான் முதல் சந்தேகம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான ஒரு அப்டேட்டால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையோடு நின்றன. அவற்றில் ஒரு பாகமும் கெடவில்லை. சேஃப் மோடில் போய் ஒரு கோப்பை நீக்கியதும் எழுந்துகொண்டன.

எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி போடுவதுதான் வழி என்று ஆகிவிட்டால், அதற்கு முன் வேறொரு மெஷினில் லினக்ஸ் பென் டிரைவ் ஒன்று தயாரித்து, அதிலிருந்து பூட் செய்து உங்கள் கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்துவிடுங்கள். ரீசெட் செய்யும்போது "கோப்புகளை வைத்துக்கொள்" என்று ஒரு வழி இருக்கிறதுதான். நான் அதை நம்பி நகல் எடுக்காமல் இறங்கியதில்லை. விண்டோஸை மறுபடி போட்ட பிறகும் நீலத் திரை தொடர்ந்தால் திரும்ப ராமுக்கே போங்கள். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 போன்ற மென்பொருளை ஓர் இரவு ஓட விடுங்கள், ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ராம் வேண்டாம்.

இதில் எந்தப் படியிலாவது உங்களால் முடியவில்லை என்று பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனால், "ஆன் ஆகலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "ஃபேன் சுற்றுகிறது, கேப்ஸ் லாக் எரியவில்லை, இரண்டு ராமையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தாயிற்று, ராம் எல்இடியில் நிற்கிறது" என்று சொல்லுங்கள். தேவையில்லாத பாகத்தை உங்கள் தலையில் கட்டுவது அதன் பிறகு அவ்வளவு சுலபம் இல்லை.

நீங்களே சரி செய்துவிட்டீர்கள் என்றால் பக்கத் தகட்டை உடனே மூட வேண்டாம். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஓர் இரவு குளிர விடுங்கள். மறுநாள் காலையில் முதல் அழுத்தலிலேயே எழுந்தால் திருகுகளைப் போடலாம்.